சேலத்தின் வெள்ளை முத்து!

கல்யாணப் பந்தி நடக்கிறது. இலையில் பாயசம் ஊற்றுகிறார்கள். பாலில் சின்னச் சின்ன முத்துக்கள் மிதக்கின்றன. பக்கத்தில் இருக்கும் குழந்தை கேட்கிறது:

“அப்பா! ஜவ்வரிசி எந்தச் செடியிலே காய்க்கும்?”

அப்பா விழிக்கிறார். அம்மாவைப் பார்க்கிறார். அம்மாவும் விழிக்கிறாள்.

அவர்கள் மட்டும் அல்ல. நம்மில் பலர் இந்தக் கேள்விக்கு விழிக்கத்தான் செய்வோம். மாதம் தவறாமல் மளிகைச் சிட்டையில் ஜவ்வரிசி என்று எழுதுகிறோம். அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டதில்லை.

ஜவ்வரிசி எந்தச் செடியிலும் காய்ப்பதில்லை. பெயரில்தான் அரிசி இருக்கிறது. உண்மையில் அது அரிசியே அல்ல. மண்ணுக்குள் விளையும் ஒரு கிழங்கை அரைத்து, பால் எடுத்து, மாவாக்கி, உருட்டி, வறுத்து, உலர்த்தினால் கிடைப்பதுதான் ஜவ்வரிசி!

அந்தக் கிழங்குதான் மரவள்ளி. சேலம் பக்கத்தில் குச்சிக் கிழங்கு என்பார்கள். கன்னியாகுமரிப் பக்கத்தில் மரச்சீனி. மலையாளிகளுக்கு அது கப்பை.

இந்தியாவில் தயாராகும் ஜவ்வரிசியில் மிகப் பெரும் பகுதி சேலத்திலும், அதைச் சுற்றியுள்ள மாவட்டங்களிலும்தான் தயாராகிறது. மும்பையில் விரத நாளில் தின்னும் உப்புமாவுக்கும் சேலத்துக்கும் சம்பந்தம் உண்டு!

விளைபொருளை விளைந்தபடியே விற்றால் ஒரு லாபம். அதைப் பதப்படுத்தி, உருமாற்றி விற்றால் வேறு லாபம். அந்த இரண்டாவது லாபம் யாருக்குப் போகிறது? நம் கிராமங்களின் நாளைய வாழ்வு இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலில்தான் இருக்கிறது. சேலத்துக் கிழங்கின் கதையைக் கேட்டால் இது நன்றாகப் புரியும்.

கடல் மூடியது, கதவு திறந்தது!

அந்தக் காலத்தில் ஜவ்வரிசி நம் நாட்டுப் பொருள் அல்ல. மலாயாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கப்பலில் வந்தது. ‘சேகோ’ என்ற பெயரே மலாய் மொழியிலிருந்து வந்ததுதான். அந்தத் தீவுகளில் ஒரு வகைப் பனை உண்டு. அதன் தண்டுக்குள் இருக்கும் சோற்றை இடித்து மாவு எடுத்தார்கள். அந்த மாவை உருட்டிச் செய்ததுதான் முதல் ஜவ்வரிசி. நம் ஊரில் காய்ச்சல்காரர்களுக்குக் கஞ்சி வைக்க அதை வாங்கினார்கள்.

இரண்டாவது உலக யுத்தம் வந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. கப்பல்கள் நின்றன. ஜவ்வரிசியும் நின்றது.

சேலத்தில் மாணிக்கம் செட்டியார் என்று ஒரு வியாபாரி இருந்தார். வியாபார விஷயமாக அடிக்கடி கேரளத்துக்குப் போய் வருவார். அங்கே மரவள்ளி மாவைப் பார்த்தார். ‘இதிலிருந்து ஜவ்வரிசி செய்தால் என்ன?’ என்று அவருக்குத் தோன்றியது.

பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷா என்பவருக்கு ஜவ்வரிசி செய்யும் முறை தெரிந்திருந்தது. இருவரும் சேர்ந்தார்கள். 1943-ல் சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் பிறந்தது. முதலில் எல்லாம் கைவேலைதான். பிறகு இயந்திர வேலை தெரிந்த உள்ளூர்க்காரர்கள் அரைக்கவும் சலிக்கவும் ஒவ்வொரு கருவியாகச் செய்து கொடுத்தார்கள்.

தொழில் தொடங்கியதுமே ஒரு சோதனை! நாட்டில் உணவுப் பஞ்சம். மரவள்ளி ஏழைகளின் உணவு. அதை ஆலைக்குக் கொடுக்கக் கூடாது என்று 1944-ல் சேலம் மாவட்டக் கலெக்டர் தடை போட்டார். உற்பத்தியாளர்கள் சங்கம் அமைத்து மேலிடத்தில் முறையிட்டார்கள். தடை நீங்கியது. தொழில் பிழைத்தது.

வந்தேறிய கிழங்கு

மரவள்ளியும் நம் ஊர்ப் பயிர் அல்ல. அதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா. போர்ச்சுக்கீசியர் வழியாக மலையாளக் கரைக்கு வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பயிரிடும்படி ஜனங்களை ஊக்குவித்தார். யுத்த காலத்தில் பர்மா அரிசி வராமல் போனபோது, கேரளத்தில் எத்தனையோ குடும்பங்களின் பசியைத் தீர்த்தது இந்தக் கிழங்குதான்.

இதற்கு விதை வேண்டாம். முற்றிய தண்டைச் சாண் அளவு துண்டுகளாக வெட்டி நட்டால் போதும். அதைக் கரணை என்பார்கள். எட்டு மாதம் முதல் பத்து மாதத்தில் கிழங்கு தயார். வறட்சியைத் தாங்கும். சுமாரான மண்ணிலும் வரும். நல்ல பாசன நிலத்தில் ஏக்கருக்கு 12 டன், 15 டன் என்று எடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆத்தூர், தலைவாசல், ராசிபுரம், சேந்தமங்கலம், கொல்லிமலை, கல்வராயன் மலை என்று எங்கு பார்த்தாலும் இந்தப் பயிர்தான். தமிழ்நாட்டு மரவள்ளிச் சாகுபடி உலகச் சராசரியைவிடப் பல மடங்கு விளைச்சல் தருகிறது. விளைவிப்பதில் நம்மவர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல.

பிறகு கஷ்டம் எங்கே இருக்கிறது? கிழங்கைத் தோண்டிய பிறகுதான் கஷ்டம் தொடங்குகிறது!

இரண்டு நாள் உயிர்

நெல்லை மூட்டை கட்டி வைக்கலாம். மஞ்சளை ஒரு வருஷம்கூட வைத்து விலை பார்க்கலாம். மரவள்ளிக் கிழங்கை வைக்க முடியாது. தோண்டி இரண்டு, மூன்று நாட்களில் உள்ளே நீலமும் கறுப்புமாக நரம்பு ஓடும். பிறகு அது ஆலைக்கும் ஆகாது, அடுப்புக்கும் ஆகாது.

அறுவடைக் காலத்தில் இப்படி ஒரு பேச்சை நீங்கள் கேட்கலாம்:

“ஏனுங்க, இன்னிக்கு என்ன விலைங்க?”

“விலை இறங்கிப் போச்சுங்கண்ணா. வடக்கே சரக்கு போகலை.”

“அப்படின்னா ஒரு வாரம் பொறுத்துத் தரட்டுங்களா?”

“நீங்க பொறுப்பீங்க அண்ணா. தோண்டின கிழங்கு பொறுக்குமா?”

விவசாயி வாயை மூடிக் கொள்கிறார். லாரி புறப்படுகிறது.

“தோண்டாமல் மண்ணிலேயே விட்டு வைத்தால் என்ன?” என்று கேட்பீர்கள். கொஞ்ச நாள் விடலாம். அதற்கு மேல் விட்டால் கிழங்கு நார் ஓடிவிடும். நிலமும் அடுத்த பயிருக்கு இல்லாமல் முடங்கிக் கிடக்கும். கடன்காரர் வாசலில் வந்து நிற்பார். ஒரே ஆண்டுக்குள் கிழங்கு விலை பாதியாக விழுவதும் உண்டு. பெண்ணின் கல்யாணத்தையும், பையனின் படிப்பையும் அந்த விலையை நம்பித்தானே வைத்திருக்கிறார்கள்!

‘பாயிண்ட்’ என்னும் மந்திரம்

மரவள்ளி வியாபாரத்தில் ஒரு வார்த்தை அடிக்கடி காதில் விழும். அதுதான் ‘பாயிண்ட்’.

ஆலைக்கு வேண்டியது கிழங்கு அல்ல. கிழங்கில் இருக்கும் மாவு. மாவு அதிகமான கிழங்கு கனக்கும். மாவு குறைந்த கிழங்கில் தண்ணீர் அதிகம். ஆகவே கிழங்கைக் காற்றில் ஒரு தடவை, தண்ணீருக்குள் அமிழ்த்தி ஒரு தடவை எடை போடுகிறார்கள். இரண்டு எடைகளுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து மாவு எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்குத்தான் பாயிண்ட்.

இதில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாயிண்டுக்கு 300 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக் கொள்ளுங்கள். கிழங்கு 28 பாயிண்ட் என்றால் டன்னுக்கு 8,400 ரூபாய். அதே கிழங்கை 24 பாயிண்ட் என்று சொல்லிவிட்டால் 7,200 ரூபாய். டன்னுக்கு 1,200 ரூபாய் குறைகிறது. 12 டன்னுக்கு 14,400 ரூபாய்! நாலே நாலு பாயிண்ட். ஒரு குடும்பத்தின் பல மாதச் செலவு!

பாயிண்ட் சரியாகப் போடுவதில்லை என்பது விவசாயிகளின் நெடுநாள் குறை. பொதுவான எடைக் கருவி வேண்டும், எல்லோரும் பார்க்கும்படி எடை போட வேண்டும் என்று கேட்கிறார்கள். நியாயமான கோரிக்கை அல்லவா? எடை போடுவது கண்ணுக்குத் தெரிந்தால், நேர்மையான ஆலைக்காரருக்கும் நல்ல பெயர்தான்.

முத்து உருளும் விதம்

ஆலைக்குள் எட்டிப் பார்ப்போம், வாருங்கள்.

முதலில் கிழங்கின் தோலை உரிக்கிறார்கள். நன்றாகக் கழுவுகிறார்கள். பிறகு அரவை இயந்திரத்தில் தண்ணீர் விட்டு அரைக்கிறார்கள். தேங்காய்ப் பால் எடுப்பது போலத்தான். சல்லடையில் சலித்தால் பால் கீழே இறங்குகிறது. மேலே நிற்கும் சக்கைக்குத் திப்பி என்று பெயர். அதைக் காயவைத்து மாட்டுத் தீவனத்துக்கு அனுப்புகிறார்கள்.

பாலைத் தொட்டிகளில் பல மணி நேரம் தேக்கி வைக்கிறார்கள். மாவு அடியில் கெட்டியாகப் படிகிறது. மேலே நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டு, வெள்ளைக் கட்டியை வெட்டி எடுக்கிறார்கள்.

இனிமேல்தான் வேடிக்கை! ஈர மாவை உதிர்த்து, தொட்டில் போல ஆடும் துணியில் போட்டுக் குலுக்குகிறார்கள். குலுங்கக் குலுங்க மாவு தானாகவே உருண்டு திரள்கிறது. அதைச் சல்லடையில் சலித்துச் சிறிசு, பெரிசு என்று பிரிக்கிறார்கள். எண்ணெய் தடவிய சூடான தகட்டில் இலேசாக வறுக்கிறார்கள். பிறகு சிமெண்ட் களத்தில் வெயிலில் காயவைக்கிறார்கள். வறுக்காமல் ஆவியில் வேகவைத்தால், கண்ணாடி போல இருக்கும் ‘நைலான்’ ஜவ்வரிசி.

100 கிலோ கிழங்கிலிருந்து சுமார் 20 முதல் 25 கிலோ வரை ஜவ்வரிசி கிடைக்கும். அதை 90 கிலோ மூட்டைகளாகக் கட்டுகிறார்கள். ஓர் ஏக்கர்க் கிழங்கு 12 டன் என்றால், சுமார் 30 மூட்டை ஜவ்வரிசி.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தோண்டிய கிழங்குக்கு இரண்டு நாள்தான் உயிர். முத்தாக மாறிய பிறகு மாதக் கணக்கில் உயிர்! அது கெட்டுப் போகாமல் காத்திருக்கும். காத்திருக்க முடிந்தவன்தான் விலை பேச முடியும். பதப்படுத்தும் தொழிலின் பலம் அதுதான்.

வடக்கே விரதம், தெற்கே வியாபாரம்

இந்த மூட்டைகள் எங்கே போகின்றன? பெரும்பாலும் வடக்கே. மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், வங்காளம்.

அங்கே விரத நாட்களில் அரிசி, கோதுமை சாப்பிட மாட்டார்கள். ஜவ்வரிசி சாப்பிடலாம். அதற்கு ‘சாபுதானா’ என்று பெயர். ஊறவைத்து, வேர்க்கடலைப் பொடியும் பச்சை மிளகாயும் சேர்த்து உப்புமா போலச் செய்கிறார்கள். வடையும் சுடுகிறார்கள். மகா சிவராத்திரி, நவராத்திரி என்று பண்டிகை வந்தால் சேலத்தில் லாரிகள் நிற்க நேரம் இருக்காது.

ஆனால் வாங்கும் வீடு ஒன்றாகவே இருந்தால் அது பலம் மட்டும் அல்ல, பலவீனமும்கூட. வடக்கே வாங்குவது தளர்ந்தால் இங்கே கிழங்கு விலை சரிகிறது. ஆத்தூர்ப் பக்கத்து விவசாயியின் வரவு செலவு நாக்பூர்க் கடைக்காரரின் கையில் இருக்கிறது!

சங்கம் செய்த உதவி

ஒரு காலத்தில் ஆலைக்காரர்களும் இடைத் தரகர்களின் கையில்தான் இருந்தார்கள். சரக்கை வைக்க இடம் இல்லை; முன்பணம் இல்லை. வந்த விலைக்குத் தள்ளினார்கள். இந்த நிலையை மாற்ற 1981-ல் ஒரு கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அதுதான் ‘சேகோசர்வ்’. சேலம் ஸ்டார்ச், ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் சேவைச் சங்கம். கிடங்கு, சரக்கின் பேரில் முன்பணம், ஏலம் மூலம் விற்பனை ஆகிய எல்லாம் அங்கே நடக்கின்றன.

2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மதுரை மல்லி, காஞ்சிபுரம் பட்டு போல, ‘சேலம் ஜவ்வரிசி’ என்ற பெயருக்கும் இப்போது சட்டப் பாதுகாப்பு உண்டு.

நல்ல காரியம்தான். ஆனால் இது ஆலைக்காரர்களின் சங்கம். கிழங்கு விளைவிப்பவர்களின் சங்கம் அல்ல.

குஜராத்தில் ஆனந்த் என்னும் ஊரைப் பாருங்கள். பாலுக்குக் கிழங்கைவிட ஆயுள் குறைவு; சில மணி நேரம்தான். அங்கும் பால்காரர்கள் சொன்ன விலைக்குத்தான் கொடுத்தார்கள். 1946-ல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். 1955-ல் பெரிய பால் பண்ணை ஆலையைத் திறந்தார்கள். பாலைப் பவுடராகவும் வெண்ணெயாகவும் மாற்றினார்கள். ஆலைக்குச் சொந்தக்காரர் யார்? மாடு வளர்ப்பவர்களே! அதுதான் ‘அமுல்’.

சேலம் கற்றுக் கொடுத்த பாடம் பாதி. ஆனந்த் கற்றுக் கொடுத்தது மீதிப் பாதி. இரண்டும் சேர்ந்தால்தான் முழுப் பாடம்.

முத்தில் விழுந்த கறை

இந்தத் தொழிலின் குறைகளையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இயற்கையான ஜவ்வரிசி பால் வெள்ளையாக, கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். ஆனால் கடைக்குப் போகும் நாம், பளீர் வெள்ளையாக இருந்தால்தான் ‘முதல் தரம்’ என்கிறோம். அந்த ஆசைக்காகச் சிலர் வெளுப்பு மருந்து கலந்தார்கள். சிலர் செலவைக் குறைக்க மக்காச்சோள மாவைக் கலந்தார்கள். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் ஆலைகளில் சோதனை போட்டுச் சரக்கைப் பறிமுதல் செய்த செய்திகளைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள்.

சிலர் செய்த தவறுக்கு எல்லோரும் தண்டனை அனுபவிக்கிறார்கள். மக்காச்சோள மாவு உள்ளே நுழைந்தால், மரவள்ளிக்குத் தேவை குறைகிறது. கடைசியில் அடி விழுவது விவசாயியின் தலையில்.

இன்னொரு குறை கழிவுநீர். ஜவ்வரிசி செய்ய ஏராளமான தண்ணீர் வேண்டும். அது புளித்து நாற்றம் எடுக்கும். ஓடையில் விட்டால் கிணறு கெடும். ஆனால் அதே கழிவுநீரை மூடிய தொட்டியில் தேக்கினால் எரிவாயு கிடைக்கும்! சில ஆலைகள் அப்படிச் செய்து, அந்த வாயுவில் அடுப்பும் இயந்திரமும் ஓட்டுகின்றன. ஊருக்கு நாற்றம் குறைகிறது. ஆலைக்குச் செலவு குறைகிறது.

குட்டிக் குளவி செய்த பெரிய வேலை

2020-ல் இன்னொரு சோதனை வந்தது. மரவள்ளி மாவுப்பூச்சி! அந்த ஆண்டு கேரளத்தில் முதலில் தென்பட்டது. பிறகு தமிழ்நாட்டிலும் பரவியது. கொழுந்து சுருண்டு, செடி குட்டையாகி, தோட்டம் தோட்டமாகப் பாழாயிற்று. மருந்து அடித்தும் அடங்கவில்லை.

இதே பூச்சி முன்பு ஆப்பிரிக்காவில் மரவள்ளியை அழித்திருக்கிறது. அங்கே மரவள்ளிதான் கோடிக்கணக்கான மக்களின் சோறு. அப்போது விஞ்ஞானிகள் பூச்சியின் சொந்த ஊரான தென் அமெரிக்காவுக்கே போய், அதன் எதிரியைத் தேடினார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு குட்டிக் குளவி கிடைத்தது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் அது முட்டை இடும். குஞ்சு பொரித்ததும் பூச்சி செத்துப் போகும். அந்தக் குளவியை 1980-களில் ஆப்பிரிக்காவில் பரப்பினார்கள். பயிர் பிழைத்தது. அந்தப் பணியை நடத்திய ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்து விஞ்ஞானிக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள்.

அதே குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து நம் விஞ்ஞானிகள் வரவழைத்தார்கள். பெங்களூரில் சோதித்துப் பெருக்கினார்கள். 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் அதைத் தோட்டத்தில் விட்டார்கள்.

விவசாயிகள் இதில் ஒன்றைத் தெரிந்து கொள்ள வேண்டும். கண்ட மருந்தை அடித்தால் பூச்சியோடு குளவியும் சாகும். தேமல் இல்லாத, பூச்சி இல்லாத செடியிலிருந்து கரணை எடுப்பதுதான் முதல் பாதுகாப்பு.

இனி என்ன வழி?

விளைச்சல் இருக்கிறது. தொழில் தெரியும். பெயரும் இருக்கிறது. வளர வழிகள் எத்தனையோ உண்டு.

முதலாவது, ஜவ்வரிசியோடு நிற்க வேண்டியது இல்லை. மரவள்ளி மாவு துணி ஆலைக்கு வேண்டும்; நூலுக்குக் கஞ்சி போட. காகித ஆலைக்கு வேண்டும். பசை செய்ய வேண்டும். கோதுமைப் பண்டம் ஒத்துக்கொள்ளாதவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களுக்கான ரொட்டிக்கும் பிஸ்கட்டுக்கும் மரவள்ளி மாவு நல்லது. தைவானில் தோன்றிய ஒரு வகைத் தேநீரில் பெரிய பெரிய மரவள்ளி முத்துக்களைப் போடுகிறார்கள். நகரத்துப் பிள்ளைகள் அதை விரும்பிக் குடிக்கிறார்கள். அந்த முத்தும் நம் ஜவ்வரிசிக்குத் தம்பிதான்! உலகில் மரவள்ளி மாவை மிக அதிகமாக ஏற்றுமதி செய்யும் நாடு தாய்லாந்து. தரத்தில் சிக்கல் இல்லாவிட்டால், நமக்கும் அந்தச் சந்தையில் இடம் உண்டு.

இரண்டாவது, வீட்டுத் தொழில். ஜவ்வரிசி வற்றல், வடகம், மரவள்ளிச் சிப்ஸ், அச்சுத் தட்டில் ஊற்றி வேகவைத்து உலர்த்தும் அப்பளம் ஆகியவற்றைச் சேலம் பக்கத்தில் எத்தனையோ பெண்கள் செய்கிறார்கள். பெரிய முதல் வேண்டாம். வெயிலும் கைப்பக்குவமும்தான் முதல். பத்துப் பெண்கள் சேர்ந்து ஒரே அளவு, ஒரே சுவை, நல்ல பொட்டலம், சரியான எடை என்று செய்தால் மழைக்காலத்துக்கும் வியாபாரம் இருக்கும்.

மூன்றாவது, விவசாயிகள் சேர்ந்து செய்யும் தொழில். தனி ஒருவருக்கு ஆலை கட்டுவது கஷ்டம். ஆனால் ஊரில் நூறு பேர் சேர்ந்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் அமைக்கலாம். பொது எடைக் கருவி ஒன்று வைக்கலாம். எல்லோரும் ஒரே வாரத்தில் தோண்டாமல், நடவையே முன்பின்னாகப் பிரித்துக் கொள்ளலாம். விலை சரிந்த நேரத்தில் கிழங்கைச் சீவி வெயிலில் காயவைக்கலாம். சீவல் மாதக் கணக்கில் தாங்கும். தீவனத்துக்கும் மாவுக்கும் விலை போகும். ஆலைக்கு விற்கும் விலை கிடைக்காமல் போகலாம். ஆனால் அழுகி எருக்குழிக்குப் போவதைவிட மேல் அல்லவா?

எங்கே போய்க் கேட்பது?

“எல்லாம் சரி. யாரிடம் போய்க் கேட்பது?” என்கிறீர்களா?

பயிர் சம்பந்தமாக ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் 1963-ல் தொடங்கிய மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உணவு பதப்படுத்தும் தொழிலுக்குத் தஞ்சாவூரில் தேசிய நிறுவனம் ஒன்று இருக்கிறது. 1967-ல் நெல்லுக்காகத் தொடங்கியது. இன்று எல்லா உணவுக்கும் பயிற்சி தருகிறது.

பணத்துக்கு? சிறு உணவுத் தொழில்களுக்காக 2020-ல் ஒன்றிய அரசு ஒரு திட்டம் தொடங்கியது. அதன்படி, தொழிலின் முதலீட்டில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம். தொழில் தொடங்குபவர் குறைந்தது 10 சதவீதம் போட வேண்டும். மீதி வங்கிக் கடன். இப்போது எந்தத் திட்டம் நடப்பில் இருக்கிறது என்பதை உங்கள் மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். நடுவில் ஆள் வைத்துக் கொள்ள வேண்டாம்.

உணவுப் பண்டம் விற்பவர் சிறியவரானாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். இதை மறக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. மானியம் வருகிறது என்பதற்காக இயந்திரம் வாங்காதீர்கள். முதலில் பத்துக் கிலோ செய்யுங்கள். பக்கத்துக் கடையில் கொடுங்கள். வாங்கியவர்கள் மறுபடியும் கேட்கிறார்களா என்று பாருங்கள். கேட்டால் இயந்திரத்தைப் பற்றி யோசிக்கலாம். கேட்காவிட்டால், பக்குவத்தை மாற்றிப் பாருங்கள். கடன் வாங்குவது சுலபம். சரக்கை விற்பதுதான் வித்தை.

இல்லத்தரசிகளுக்குச் சில வார்த்தைகள்

ஜவ்வரிசி வாங்கும்போது கண்ணைப் பறிக்கும் வெள்ளையைத் தேடாதீர்கள். பொட்டலத்தில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜவ்வரிசியில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. வயிற்றுக்கு இதம்; சீக்கிரம் தெம்பு தரும். ஆனால் புரதம் மிகக் குறைவு. ஆகவே பாலோ, வேர்க்கடலையோ, பருப்போ சேர்த்துக் கொடுங்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் அளவோடு சாப்பிட வேண்டும்.

மரவள்ளிக் கிழங்கைப் பச்சையாகத் தின்னக் கூடாது. அதில் இயற்கையாகவே நஞ்சு உண்டு. தோலை உரித்து, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கசக்கும் கிழங்கைத் தொடவே வேண்டாம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் பச்சை இலையைப் போடாதீர்கள்.

முத்து யாருக்கு?

யுத்தத்தில் கடல் மூடியபோது, ‘வெளிநாட்டுச் சரக்கு வரவில்லையே’ என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தால் சேலத்துக்கு இந்தத் தொழில் வந்திருக்காது. கையில் இருந்த கிழங்கைப் பார்த்தார்கள், புத்தியைச் செலவழித்தார்கள். 80 ஆண்டுகளுக்கு மேலாகப் பல்லாயிரம் குடும்பங்களுக்கு அது சோறு போடுகிறது.

உங்கள் ஊரிலும் ஏதோ ஒன்று விளைகிறது. கிருஷ்ணகிரியில் மாம்பழம், ஒட்டன்சத்திரத்தில் தக்காளி, தேனியில் வாழை. விலை விழும் நாளில் அது தெருவில் கொட்டப்படுகிறதா, கூழாகவும் வற்றலாகவும் பொடியாகவும் மாறி அடுத்த விலைக்குக் காத்திருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் ஊரின் பிழைப்பு.

கிழங்கை முத்தாக்கும் வித்தையைச் சேலம் கற்றுக்கொண்டது. இனி அந்த முத்தின் விலையில், மண்ணைத் தோண்டிய கைக்கும் நியாயமான பங்கு சேர வேண்டும். எடைக் கருவி எல்லோர் கண்ணுக்கும் தெரியட்டும். சரக்கு சுத்தமாக இருக்கட்டும்.

அடுத்த முறை பந்தியில் பாயசம் வரும்போது குழந்தை கேட்டால், விழிக்காமல் சொல்லுங்கள்:

“கண்ணு, இது செடியில் காய்க்கவில்லை. நம்ம ஊர்க்காரங்க மண்ணிலிருந்து தோண்டி எடுத்து, கையால் செய்த முத்து!”